பழைய வண்ணாரப்பேட்டை கேரம் மன்றம்: பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு

கேரம் போர்டு இல்லாத தெருவை வடசென்னையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டில் உருவானது சென்னையில்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, நம் செரியன் நகரைச் சேர்ந்தவர். அந்த வெற்றிக்குப் பிறகு பயிற்சி மன்றங்களைப் பற்றிப் பெற்றோர் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஆகவே, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் இயங்கும், என் மகன் சென்றுவரும் மன்றத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அங்கே கை லாகவத்தைவிட, அடிப்பதற்கு முன் மனம் என்ன செய்கிறது என்பதில்தான் மாஸ்டரின் கவனம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரில் விரல் வைக்கும் முன், எந்தக் காயை எந்த பாக்கெட்டில் போடப்போகிறோம், போட்ட பின் அடுத்த அடிக்கு எந்தக் காய் வசமாக நிற்கும் என்பதைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கை நீட்டினால், "அடிக்காத. எதுக்கு அடிக்கப் போற, முதல்ல அத்த சொல்லு" என்று நிறுத்திவிடுவார். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்; ஆனால் சில மாதங்களில், வாயால் சொன்னது மனத்துக்குள் தானாக ஓடத் தொடங்குவதை நேரில் பார்க்கலாம்.

ரெட் காயை அவர் கற்பிக்கும் விதம் இன்னும் நுட்பமானது. ரெட்டுக்கு மூன்று புள்ளிகள். ஆனால் அதைப் போட்ட கையோடு ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட வேண்டும், தவறினால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். ரெட் பாக்கெட்டின் வாயிலேயே நின்றாலும், ஃபாலோவுக்குக் காய் இருக்கிறதா என்று பார்க்காமல் எவரையும் அவர் அடிக்க விடுவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து பாலிடெக்னிக்கா, பதினொன்றாம் வகுப்பா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, நண்பர்கள் எங்கே சேர்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, டிப்ளமோ முடித்தால் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும் என்பதை விசாரித்து அறிந்து வந்து, "அதுதாம்பா ஃபாலோ" என்று என் மகன் சொன்னான். கொடுத்த கட்டணத்துக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மைனஸ் விழுந்த பிறகு, அதாவது ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் விழுந்து, போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைத்த பிறகு, ஆடும் அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழந்த காயை அந்த அடியிலேயே மீட்டுவிடத் துடித்து, சாதாரணமாக முயலவே முயலாத கட் ஷாட்டுக்குப் பிள்ளைகள் போவார்கள். இழப்பில் இருக்கும் மனிதர், நிச்சயமான சிறு நட்டத்தை ஏற்பதைவிடப் பெரிய நட்டத்துக்கு வழிவிடும் சூதையே நாடுகிறார் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் எழுதியதை இந்த மாடியில் தினமும் காணலாம். கந்துவட்டியிலும் ஆன்லைன் ரம்மியிலும் குடும்பங்களை அழிக்கும் மனப்போக்கும் இதுதான் என்பதால், மைனஸ் வாங்கியவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, இருப்பதில் எளிய காயைத்தான் அடிக்க வேண்டும் என்ற இம்மன்றத்தின் விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இருபத்தொரு நாளில் பிள்ளை மாறிவிடுவான் என்பது போன்ற வாக்குறுதி எதையும் இங்கே தருவதில்லை. அது நேர்மையான செயல். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுகிறது என்றும் தெரியவந்தது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் உண்டு. காய்ச்சலில் விடுப்பு எடுத்த பிள்ளையை மாஸ்டர் ஒரு சொல்லும் கேட்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. மதியத்தில் கொட்டகைத் தகடு சூடேறி உட்கார முடிவதில்லை; இரண்டு போர்டுகளின் பரப்பு தேய்ந்து, எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் இழுக்கிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். வென்றவரை எல்லோர் முன்னும் "இவன் பொறவிலயே கில்லாடி" என்று மாஸ்டர் பாராட்டுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. அறிவாளி என்று புகழப்பட்ட குழந்தைகள் அதன்பின் எளிய கணக்குகளையே விரும்பித் தேர்ந்தெடுத்ததையும், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் கடினமானவற்றை நாடியதையும் கேரல் ட்வெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் காட்டினார்கள். இங்கும் அப்படிப் புகழப்பட்ட சிறுவன் ஒருவன், தன்னைவிட மூத்தவர்களோடு ஆடுவதைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறான். யோசித்து அடித்ததைப் பாராட்டினால் போதுமே என்று மாஸ்டரிடம் மரியாதையுடன் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார், இன்னும் மாற்றவில்லை.

மாதக் கட்டணம் ஒரு பாடத்துக்கான டியூஷன் கட்டணத்தில் பாதிகூட இல்லை. மாலை நேர வகுப்பே நல்லது. பெண் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஞாயிறு காலை மட்டுமே இடம் தருகிறார்கள்; காசிமாவின் ஊரில் இது போதாது என்பதால், மகளைச் சேர்க்க வருபவர்கள் வாரநாள் வகுப்பையும் சேர்த்தே கேளுங்கள்.