உள்ளி இல்லாத அடுக்களை: கஞ்சியும் பயறுமா, மரச்சீனியும் மீன்கறியுமா?

அம்மாவுக்கு ஐ.பி.எஸ். என்ற குடல் நோய் இருப்பதாகக் கண்டுபிடித்த டாக்டர், 'லோ ஃபாட்மேப்' முறையில் சாப்பிடச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. பெருங்குடலில் புளித்து வாயுவைக் கிளப்பும் சில சர்க்கரைகள் உள்ள உணவுகளை 2 முதல் 6 வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்த வேண்டியவற்றில் முதலில் இருந்தவை உள்ளியும் (வெங்காயம்) பூண்டும்.

"உள்ளி இல்லாம என்ன கறி மக்களே?" என்றாள் அம்மா.

குமரி மாவட்டத்தில் உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கஞ்சியும் பயறும்தான். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கனத்த சாப்பாடு என்று பேர். இரண்டையும் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்ததில், எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழாக இருந்தது.

கஞ்சியில் அரிசியால் தொல்லை இல்லை, பயறுதான் வம்பு. பயறிலும் காணத்திலும் (கொள்ளு) உள்ள ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் வடித்தால் ஓரளவு குறையும். அப்போதும் கால் கப்போடு நிறுத்த வேண்டும். காணத் துவையல் வேண்டவே வேண்டாம். பயறுக்குப் பதில் நேந்திரங்காய் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) வைத்தேன். அம்மாவின் வயிறு ஏற்றுக்கொண்டது, மனசு ஏற்கவில்லை.

மீனிலோ இந்தச் சர்க்கரைகள் எதுவுமே இல்லை. தேங்காய் அரைப்பில் உள்ளியை விட்டுவிட்டு, மிளகாயைப் பாதியாக்கி நல்லமிளகு (கருமிளகு) சேர்த்தேன். பூண்டு வாசனைக்கும் வழி இருக்கிறது. பூண்டில் தொல்லை தரும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் தேங்காய் எண்ணெயில் நாலு பல்லை முழுசாகப் போட்டு, பொன்னிறமாகி ஓரம் சுருங்கியதும் கரண்டியால் எடுத்துவிடுகிறேன். அப்புறம்தான் வெந்தயம், கறிவேப்பிலை, அரைப்பு, புளித்தண்ணீர். ஒரு பல் தப்பிக் குழம்பில் கொதித்தாலும் பாடுபட்டது வீண். ஆகவே எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கிறேன். குளச்சல் சாளை மீனில் முதல்முறை இப்படி வைத்தபோது, அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "பூண்டு கெடக்குல்லா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், மீன்கறிதான்.

மரச்சீனி, திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு. வேகவைத்து, தண்ணீரை வடித்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் சதைத்துப் போட்டு மயக்கினால் (மசித்தால்) போதும். அளவு மட்டும் முக்கியம்: பழைய பங்கில் பாதி, கூடவே கொஞ்சம் சோறு.

வயிறு ரொம்பவும் மோசமான நாளில் மட்டும் கஞ்சிக்குத் திரும்புகிறோம், பயறு இல்லாமல். தொட்டுக்கொள்ள, சுட்ட தேங்காயும் நல்லமிளகும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்த துவையல்.