மணிக்கட்டு முறிவில் தசைநார்க் கிழிசல்: எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா, உள்நோக்கியா?

நிலாவெளிக் கடற்தொழிலாளி ஒருவர் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் முறிவு ஆறு கிழமையில் பொருந்திவிட்டது. ஆனாலும் கயிறு இழுக்கும்போது புறங்கைப் பக்கம் மணிக்கட்டு நடுவில் சுருக்கென்று குத்துகிறது, 'டொக்' என்று ஏதோ நழுவுகிறது. திருகோணமலையில் பிசியோதெரபி செய்யும் எனக்கு இது பழகிய கதை. மணிக்கட்டின் சிறு எலும்புகளான படகெலும்பையும் பிறையெலும்பையும் கட்டிவைத்திருக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம்; அதை யாராவது தேடினால்தான் உண்டு.

எக்ஸ்ரே மலிவு. இந்த இரு எலும்புகளுக்கிடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அவற்றின் கோணம் வழமையாக 30 முதல் 60 பாகை. 70ஐத் தாண்டினால் நார் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கையைத் தளரவிட்டு எடுத்த படத்தில் பல கிழிசல்கள் ஒளிந்துகொள்ளும். முஷ்டியை இறுக்கினால்தான் இடைவெளி விரியும். புதிதாய் முறிந்த கையால் அது முடியாது, பிளாஸ்டர் கழற்றும்வரை பொறுக்க வேண்டும். அப்போது மற்றக் கையையும் எடுங்கள். சிலருக்கு இயல்பிலேயே இடைவெளி கூட.

எம்.ஆர்.ஐ. முழுக்கிழிசலை நன்றாகக் காட்டும், பாதிக் கிழிசலைத் தவறவிடும். காந்தத்தின் வலுவை டெஸ்லாவில் சொல்வார்கள்; 1.5 டெஸ்லாவைவிட 3 டெஸ்லா தெளிவு. மூட்டுக்குள் படத்தில் தெரியும் சாய மருந்து ஏற்றி எடுத்தால் இன்னும் தெளிவு. "கிழிசல் இல்லை" என்று அறிக்கை வந்தும் வலி நின்றபாடில்லை என்றால், நான் நம்புவது வலியைத்தான்.

உள்நோக்கிதான் கடைசித் தீர்ப்பு. விரல்களைத் தொங்கவிட்டு இழுத்து, 2.7 மில்லிமீட்டர் அளவான கமராவை உள்ளே விட்டு, சிறு கொக்கியால் நாரைத் தொட்டே பார்ப்பார்கள். கிழிசலின் கடுமையைச் சொல்லும் கெய்ஸ்லர் வகைப்பாட்டில் நான்கு தரம். நான்காவதில் எலும்புகளின் நடுவே அந்தக் கமராவே நுழைந்து போகும். மயக்க மருந்து, அனுபவமுள்ள கை, செலவு எல்லாம் வேண்டும் என்பதால் எல்லோருக்கும் கேட்கமாட்டேன். ஆனால் முறிவு மூட்டுக்குள் ஓடியிருந்து, உழைக்கும் வயதுக்காரருக்குத் தகடு வைக்கப் போகிறார்கள் என்றால், அதே மயக்கத்தில் உள்நோக்கியால் நாரையும் பார்த்துவிடும்படி கட்டாயம் கேட்பேன். புதுக் கிழிசலைத் தைத்துப் பிடிக்கலாம். மாதக்கணக்கில் விட்டால் நார் சுருங்கிவிடும், வருடங்கள் போனால் மூட்டு தேயும்.

கடற்தொழிலாளிக்கு முதலில் இரு கை முஷ்டிப் படம் எடுக்கச் சொன்னேன். இடக்கையில் 2 மில்லிமீட்டர், முறிந்த வலக்கையில் 4. படத்தோடு எலும்பு வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறேன்.