கச்சானுக்கு எந்தக் கரை?

யாழ்ப்பாணத்திலிருந்து மருமகன் ஆடி மாதம் ஒரு கிழமைக்குத் திருகோணமலைக்கு விண்ட்சேர்ஃபிங் பலகையும், காற்றுப் பிடித்து அதை ஓட்டுகிற பாயும் கட்டிக்கொண்டு வருகிறான். "மாமா, உப்புவெளியா, நிலாவெளியா?" என்று கேட்டான். இரண்டு கடற்கரையும் வேண்டாம், கொக்கிளாய்க் களப்புக்குப் போவோம் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆடியில் இங்கே அடிப்பது கச்சான். யாழ்ப்பாணத்தார் கொறிக்கிற கச்சானை, அதாவது நிலக்கடலையை, நினைக்க வேண்டாம். அவர்கள் சோழகம் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து, காய்ந்து, விட்டுவிட்டு வீசும். உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்குப் பார்த்த கரைகள். காற்று முதுகில் அடித்துக் கடலுக்குள் தள்ளும். கரையோரத்தில் மரங்களும் ஹோட்டல்களும் மறைப்பதால் தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடக்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். கொஞ்சத் தூரம் போனதும் மறைப்பு விலகும், காற்று முழுப் பலத்தோடு பாயைப் பிடிக்கும். அதற்கு மேல் அந்தமான் வரை கரை இல்லை.

நிலாவெளியில் எனக்கு ஒருமுறை பாய்மரத்தையும் பலகையையும் இணைக்கிற மூட்டு உடைந்தது. பாயைக் கழற்றி விட்டுவிட்டு, பலகையில் குப்புறக் கிடந்து கையால் வலித்தேன். வலிக்க வலிக்கக் கரை தள்ளிப் போனது. வலைக்குப் போய்த் திரும்பிய வள்ளம் ஒன்று ஏற்றி வந்தது. "கச்சானுக்கு எதிரா நீந்த ஏலாது தம்பி, இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தா நாங்களும் உன்னைக் கண்டிருக்க மாட்டம்" என்றார் வள்ளக்காரர்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் கச்சான் காலத்தில் உப்புவெளி. அழகுக்காக அல்ல, டவுனுக்குக் கிட்ட, படகுகளும் ஆட்களும் அதிகம், நீங்கள் விழுந்தால் யாராவது பார்ப்பார்கள். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறதே, அங்கே ஒதுங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கிலோமீற்றர் அளவு தள்ளியிருக்கிற சின்னத் தீவைக் காற்று உங்களுக்காகக் குறி பார்க்காது. அதோடு அது 2003 முதல் தேசியப் பூங்கா. ஆழமில்லாத இடத்தில் பலகைக்கு அடியில் நீட்டியிருக்கிற ஃபின் பட்டால் பவளப்பாறைக்கும் சேதம், காலுக்கும் வெட்டு.

பங்குனி, சித்திரையில் கதை வேறு. கச்சான் தொடங்கியிராது, வடகிழக்கிலிருந்து வருகிற வாடை ஓய்ந்திருக்கும், பின்னேரம் கடலிலிருந்து மெல்லிய காற்று கரைக்கு வரும். விழுந்தாலும் அது கரையில்தான் கொண்டுவந்து போடும். புதிதாகப் பழகுகிறவருக்கு நிலாவெளியின் நீளமான மணல் அப்போதுதான் பொருந்தும். கரைவலைக் கயிறுகளை மட்டும் கவனியுங்கள். மீனவர்களின் வாடியில் போய் வலை எப்போது இழுப்பார்கள் என்று கேட்டுவிட்டு இறங்குவதே மரியாதை.

மார்பிள் பீச் விமானப்படையின் பராமரிப்பில், டிக்கெட்டோடு, சோற்றுப் பார்சலோடு போகிற இடம். ஒதுக்கான தண்ணீர்; அதே காரணத்தால் பாய்க்குக் காற்றுப் போதாது. டவுனில் இருக்கிற டச் பே (Dutch Bay) கரையில் பின்னேரமானால் குளிக்க வருகிற சனம். கரையில் கழற்றி வைத்த பையை டவுனில் திரிகிற மான் வந்து கிளறும், அது தனி.

அதனால்தான் கொக்கிளாய். புல்மோட்டை தாண்டிய தூரம், நிழலும் இல்லை, குளிக்க நல்ல தண்ணீரும் இல்லை. ஆனால் களப்பு கடலுக்கும் தரைக்கும் நடுவில் கிடக்கிறது. கச்சான் திறந்த நீர்ப்பரப்பைக் கடந்து வருவதால் மரத்தில் மோதி உடையாமல் ஒரே சீராகப் பிடிக்கும். தவறினால் கிழக்கே மணல்திட்டில் ஒதுக்கும். பல இடங்களில் விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்கலாம். பதினைந்து நொட் (மணிக்கு 28 கிலோமீற்றர் அளவு) காற்றில் பலகை தண்ணீரை விட்டு எழும்பி வழுக்கிப் போவதை அலை இல்லாத தண்ணீரில் பழகுவது தனிச் சுகம்.

குறையும் அங்கேதான். காற்று நன்றாக இருக்கிற மாதங்களில்தான் தண்ணீர் வற்றும். ஆவணியில் சேறு தட்டும். இறால் பிடிக்கிறவர்களின் கம்புகளும் வலைகளும் உண்டு, அவர்களிடம் வழி கேட்காமல் இறங்கக் கூடாது. 1951 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் நாரையும் கொக்கும் கூடி நிற்கிற பக்கத்தை விட்டு விலகியே ஓட்ட வேண்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், நீரோட்டம் கடலுக்கு இழுத்துவிடும்.

வாடைக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி இரண்டிலும் காற்று கரைக்கு அடிக்கும், ஆனால் கடல் எழும்பி நிற்கும். மீனவர்களே வள்ளங்களை மேலே இழுத்து வைக்கிற நாட்களில் நான் இறங்குவதில்லை. அலையைத் தாண்டத் தெரிந்தவர்கள் அவரவர் பொறுப்பில் போகலாம்.

மருமகன் கடைசியில் சரி என்றான். வான் சொல்லி வைத்திருக்கிறேன். நீளமான ஃபின்னை வீட்டிலேயே வைத்துவிட்டு, கட்டையானதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.