ராஸ்பெரி பையில் ஒரு வீட்டு இசைக் கணினி: ஒரு வருஷம் கேட்ட பிறகு

பாட்டு கேட்பதற்கென்றே தனியாக ஒரு கணினி கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கட்டலாம். ராஸ்பெரி பை 4 என்கிற சின்னக் கணினி (இனி சுருக்கமாகப் பை), விசிறி இல்லாத ஃப்ளர்க் அலுமினியப் பெட்டி, மூட் என்கிற இலவச இசை மென்பொருள், கோப்பிலுள்ள எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டாப்பிங் இ30 டிஏசி, பாட்டுகளைச் சேமிக்க 1 டிபி எஸ்எஸ்டி. இவ்வளவுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கரும் ஏற்கெனவே ஹாலில் இருந்தவைதான். அதே ஸ்பீக்கரிலிருந்து இவ்வளவு வருமா என்று வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம்.

எங்கள் தேவை என்னவென்றால், அப்பா பல வருஷமாகச் சேர்த்த கச்சேரி சிடிக்களும் நான் வாங்கிய எண்பதுகள், தொண்ணூறுகள் சினிமா இசை சிடிக்களும் பீரோவில் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. சிடி பிளேயரின் லேசர் தேய்ந்து பாட்டு நடுவில் தாவ ஆரம்பித்துவிட்டது. இனி புது பிளேயர் வாங்குவதைவிட, சிடிக்களை ஒரு தரம் ஒழுங்காகக் கணினிக்குள் ஏற்றிவிடுவது நல்லது என்று தோன்றியது.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மியூசிக்குத்தானே சார்? ஐ5 போட்டு நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு சொருகிடலாம், அருமையா இருக்கும்" என்றார். அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது அதைத்தான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலைக்கு ஐ5 மாதிரி வேகமான செயலி தேவையே இல்லை. சிடி தரம் என்பது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்றைய எந்தச் செயலிக்கும் இது ஒரு சுமையே இல்லை. பாட்டைக் கெடுப்பது வேறு: பெட்டிக்குள் சுற்றும் விசிறி, நடுவில் புகுந்து எண்களை மாற்றும் மென்பொருள், கடைசியில் மட்டமான அனலாக் வெளியீடு. பணத்தையும் கவனத்தையும் இந்த இடங்களில் வைத்தால் போதும்.

விசிறியை முதலில் எடுத்துக்கொள்வோம். சினிமாப் பாட்டில் விசிறிச் சத்தம் தெரியாமல் போகலாம். ஆலாபனையில் பாடகர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, குரலை மெல்ல மெல்ல ஒடுக்கி, தம்புராவோடு கரைகிற இடம் ஒன்று வருமே, அங்கே தெரியும். ஃப்ளர்க் பெட்டியில் அந்தத் தொல்லையே கிடையாது. பெட்டியின் உள்பக்கத்திலிருந்து ஒரு அலுமினிய முட்டு கீழே இறங்கி, வெப்பம் கடத்தும் ஒரு துண்டு வழியாகச் செயலியின் மேல் உட்காருகிறது. பெட்டி முழுவதுமே வெப்பத்தை வெளியேற்றும் உடம்பாகிவிடுகிறது. நான்கு திருகாணி, பத்து நிமிஷ வேலை. மே மாதச் சென்னை வெயிலில், ஏசி இல்லாத ஹாலில், நாள் முழுக்கப் பாடியும் மூட் காட்டிய செயலி வெப்பநிலை 60 டிகிரியைத் தொடவில்லை. பெட்டியைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். சுழன்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டியே வாங்குங்கள் என்று சொல்வதும் இந்த அமைதிக்காகத்தான். ஒரு சிடியை, தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எல்ஏசி கோப்பாக்கினால் ஏறத்தாழ 300 முதல் 400 எம்பி ஆகும். 1 டிபியில் இரண்டாயிரம் சிடிக்கு மேல் தாராளமாக அடங்கும்.

ராஸ்பெரி பை 4இல் 3.5 மிமீ ஹெட்ஃபோன் துளை ஒன்று இருக்கிறது. அதில் ஆம்பை மாட்டிக் கேட்டுவிட்டு இதுதான் இதன் தரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் தனி டிஏசி சிப் கிடையாது. துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலியை ஒப்பேற்றுகிற ஏற்பாடு அது. இரைச்சல் கேட்கும். பையின் வேலை கோப்பைப் படித்து யுஎஸ்பி வழியாக எண்களை அனுப்புவதோடு முடிந்துவிட வேண்டும். எண்களை மின்னலையாக மாற்றும் வேலை டாப்பிங் இ30க்கு.

இந்த இ30 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் என மூன்று உள்ளீடு, ஆம்புக்குப் போகும் ஒரு ஜோடி ஆர்சிஏ வெளியீடு, கூடவே ஒரு ரிமோட். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது முகப்பில் இருக்கும் சின்னத் திரை. அப்போது நொடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் வருகின்றனவோ அதைக் காட்டும். முதலில் இதை வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டி ஒரு சிடி கோப்பை ஓட்டினேன். திரையில் 48 என்று வந்தது. கோப்போ 44.1. விண்டோஸ் தன் மிக்ஸருக்கு வைத்திருக்கும் ஒரே அளவுக்கு எல்லா ஒலியையும் மாற்றித்தான் வெளியே விடுகிறது. மெயில் வந்தால் அடிக்கும் மணியும் பாட்டும் ஒரே குழாயில் போக வேண்டுமே, அதற்காக. வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற முறையைத் தேர்ந்தால் விண்டோஸிலும் இதைத் தவிர்க்கலாம், ஃபூபார்2000 போன்ற பிளேயர்கள் அதைச் செய்கின்றன. மூட் போட்ட பையில் மாட்டியதும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் 44.1 என்று வந்தது. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு போட்டால் 96. கோப்பில் இருப்பது அப்படியே வந்து சேர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள முடிகிறது.

மூட் லினக்ஸின் மேல், எம்பிடி என்ற பழைய, நம்பகமான பிளேயரை வைத்துக் கட்டப்பட்டது. எஸ்டி கார்டில் எழுதிப் பையில் சொருகினால் போதும். அப்புறம் எல்லாம் ஃபோனின் பிரவுசரில்தான். அமைப்பில் ஒலி அளவு வகை என்ற இடத்தில் நிலையான அளவைத் தேர்ந்துவிடுங்கள். மென்பொருளில் ஒலியைக் குறைத்தால் பிட்டுகளும் குறையும். குறைப்பதையும் கூட்டுவதையும் ஆம்பின் குமிழில் செய்யலாம்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் பெரிய பரிசு இடைவெளி இல்லாமல் பாடுவது. ராகம் தானம் பல்லவியைச் சிடியில் போடும்போது ராகம் ஒரு டிராக், தானம் ஒன்று, பல்லவி ஒன்று, தனி ஆவர்த்தனம் ஒன்று என்று வெட்டியிருப்பார்கள். கச்சேரியிலோ அது ஒரே ஓட்டம். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா சட்டென்று அறுந்து மறுபடி முளைக்கும். பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில்கூட விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டிய சுருதி அது. எஃப்எல்ஏசியில் அந்த மௌனம் சேர்வதில்லை, எம்பிடியும் அடுத்த டிராக்கை ஒட்டியே எடுக்கிறது. பல்லவியிலிருந்து தனிக்குப் போகும்போது மிருதங்கக்காரர் எடுக்கும் முதல் சொல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிறது. ஆன்லைனில் கேட்கும்போது எரிச்சலூட்டிய இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைக் கட்டியிருப்பேன்.

அடுத்தது தேடுவது. வெளிநாட்டு இசைக்கு எழுதிய மென்பொருள்கள் பெரும்பாலும் கலைஞர், ஆல்பம் என்ற இரண்டையே முன்னால் வைக்கும். நமக்கு அது போதாது. சினிமாப் பாட்டென்றால் பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயரில்தான் தேடுவோம். கச்சேரி என்றால் ராகம், கிருதி, பாடியவர், இயற்றியவர் எல்லாம் வேண்டும். மூடின் டேக் பார்வையில் (டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரக் குறிப்பு) வகை, கலைஞர், ஆல்பம் என்று பத்திகள் வரும். கலைஞர் பத்தியில் இசையமைப்பாளரைக் காட்டச் சொல்லலாம். வகை என்ற டேக்கில் நான் ராகத்தின் பெயரை எழுதிவிட்டேன். இப்போது கல்யாணியைத் தொட்டால் வீட்டிலிருக்கும் அத்தனை கல்யாணியும் வரிசையாக வருகிறது, யார் பாடியிருந்தாலும். டேக்கைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே ராகம் ஒவ்வொரு சிடியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தோடிக்கும் சண்முகப்பிரியாவுக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று சிடி உறைகளைப் புரட்டினால் தெரியும். தமிழ் எழுத்தில் தேடினால் மூட் ஒழுங்காக எடுத்துக் கொடுக்கிறது. இது பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். அப்பா டேப்லட்டை எடுத்து அவரே ராகம் தேடிப் போட்டுக்கொள்கிறார், என்னைக் கூப்பிடுவதில்லை.

சிடிக்களை ஏற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நல்ல மென்பொருள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரி பார்க்கும். அக்யுரேட்ரிப் என்ற பொதுத் தரவோடு ஒப்பிட்டு, மற்றவர்கள் எடுத்த அதே எண்கள்தானா என்றும் சொல்லும். நம் கச்சேரி சிடிக்கள் பல அந்தத் தரவில் இருக்காது. அவற்றுக்கு ஒரு முறை சோதனையாகப் படித்து, மறுமுறை எடுத்து, இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். இ30க்கு 5 வோல்ட் வேண்டும், கேபிள் மட்டும்தான் தருகிறார்கள், அடாப்டர் இல்லை. மேஜையில் கிடந்த பெயர் தெரியாத சார்ஜர் ஒன்றில் மாட்டிப் பார்த்தபோது, பாட்டு ஓடாத நேரத்தில் ஸ்பீக்கரின் ட்வீட்டரில் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காதை வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்டது. நல்ல ஃபோன் சார்ஜருக்கு மாற்றியதும் போய்விட்டது. லேப்டாப்பை மூன்று பின் அடாப்டரோடு ஆம்பில் மாட்டும்போது வருகிற 50 ஹெர்ட்ஸ் உறுமல் இங்கே வரவே இல்லை. என் பை அடாப்டர் இரண்டு பின், எர்த் வழியாகச் சுற்று உண்டாக இடமில்லை. உங்கள் வீட்டில் உறுமினால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் யுஎஸ்பி கேபிள்கள் பக்கம் போக வேண்டாம். இ30 மாதிரியான டிஏசிகளில் காலத்தைக் கணக்கு வைப்பது டிஏசிக்குள் இருக்கும் கடிகாரம்தான்; எப்போது எவ்வளவு வேண்டும் என்று அதுவே பையிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கேபிளின் வேலை எண்களைத் தவறாமல் கொண்டுவருவது மட்டும், அதைப் பெட்டியோடு வந்த கேபிளே செய்கிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளுக்காகத் தனியாகப் பணம் செலவழிக்கவும் நான் சொல்ல மாட்டேன். காது கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ், சிடியே 22,050 வரை தாங்கும். நல்ல ஒலிப்பதிவு சிடியிலேயே நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் உரக்க அமுக்கி மறுபதிப்பு செய்த பாட்டு 192லும் காதை அலுக்கவைக்கும். அந்தப் பணத்துக்குப் பழைய சிடி கிடைத்தால் வாங்குங்கள்.

குறைகள் உண்டு. பை 4இல் அணைக்கும் பொத்தான் இல்லை, ஃபோனில் சொல்லித்தான் அணைக்க வேண்டும். மின்தடையில் திடீரென்று நின்றால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. அமைப்பை முடித்ததும் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், இன்வெர்ட்டர் இணைப்பிலும் போட்டுவிடுங்கள். யுஎஸ்பி 3 துளையில் எஸ்எஸ்டி மாட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறலாம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள் அல்லது லேன் வயர் இழுங்கள். ஆப்பிள் மியூசிக் இதில் நேரடியாக ஓடாது, ஐஃபோனிலிருந்து ஏர்பிளே என்ற வயர்லெஸ் வழியில் அனுப்பலாம். லினக்ஸ் என்றாலே வேண்டாம் என்பவருக்கு முதல் நாள் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

2023இல் வந்த பை 5இல் பொத்தான் இருக்கிறது, வேகமும் அதிகம். ஆனால் அது கூடுதல் சூடாகும், 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாவிட்டால் யுஎஸ்பிக்குப் போகும் மின்சாரத்தையும் குறைத்துவிடும். பாட்டுக்கு மட்டும் என்றால் 2 ஜிபி பை 4 போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு வெளி டிஸ்க் வாங்கி, ஏற்றிய சிடிக்கள் அனைத்துக்கும் ஒரு பிரதி போட்டு வேறு அறையில் வையுங்கள்.