செயல்முறை ஆராய்ச்சியில் எம்.எஸ்சி.: படித்து முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கணிதத்திலோ புள்ளியியலிலோ இளங்கலை முடித்துவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டுத் தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் தம்பி தங்கைகள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். இருக்கும் ஆட்களையும் கருவிகளையும் நேரத்தையும் வைத்துச் சிறந்த முடிவு எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் துறை செயல்முறை ஆராய்ச்சி; ஓ.ஆர். என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வோம். அதைச் சிறப்புப் பாடமாக எடுத்து நான் முதுகலை படித்தேன். இப்போது மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் சேமிப்பு நிலையத்தில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிப்பை முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் அது தேர்வையும் மதிப்பெண்ணையும் பற்றியதாக இருந்திருக்கும். எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று இப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒரு குழப்பமான நிலைமையைப் பார்த்து, இதில் நாம் முடிவெடுக்கக்கூடியது எது, நம்மைக் கட்டுப்படுத்துவது எது, எதைக் குறைக்க அல்லது கூட்ட விரும்புகிறோம் என்று பிரித்து எழுதும் பழக்கமே எனக்கு இந்தப் படிப்பு தந்த பெரிய சொத்து. வருத்தம் என்னவென்றால், வகுப்பில் மிகக் குறைந்த நேரம் கிடைத்ததும் அதற்குத்தான்.

பாடம் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதியதன்று. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்பு வணிகக் கணிதம் படித்தவர்கள் போக்குவரத்துக் கணக்கையும் ஒதுக்கீட்டுக் கணக்கையும், போக்குவரத்துக் கணக்குக்குத் தொடக்க விடை தரும் வடமேற்கு மூலை முறையையும் வோகலின் தோராய முறையையும் தமிழிலேயே போட்டிருப்பார்கள். முதுகலையில் அதே கணக்குகள் நிறுவல்களோடு திரும்பி வருகின்றன. தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. மொழி தடுமாறிய இடத்தில் கருத்து கைகொடுத்தது.

முதல் பருவம் முழுவதும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணைதான். நேர்கோட்டு நிபந்தனைகளுக்குள் லாபத்தைக் கூட்டவோ செலவைக் குறைக்கவோ வழி தேடும் நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்குப் படிப்படியாக விடை காணும் முறை அது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் அமெரிக்க விமானப்படையின் திட்டமிடல் பணிக்காக உருவாக்கிய அந்த முறையை, மூன்று மாறிகளும் மூன்று நிபந்தனைகளும் கொண்ட சிறு கணக்குகளில் பின்னங்களோடு பக்கம் பக்கமாகப் போடுவோம். இரண்டாவது அட்டவணையில் ஒரு குறி மாறினால் கடைசி வரை எல்லாம் தவறாகிவிடும். இந்தக் கைப்பயிற்சி அறவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பருவம் முழுவதையும் அது விழுங்குவது நியாயமில்லை. வேலைக்கு வந்த பிறகு ஒரு அட்டவணையைக்கூட நான் கையால் போட்டதில்லை. யாருக்கு எந்த வேலை என்று குறைந்த செலவில் ஒதுக்கும் ஹங்கேரிய முறையை மட்டும் விலக்காகச் சொல்லலாம். 20 ஆட்களுக்கு 20 வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் வழிகள் அனைத்தையும், நொடிக்கு நூறு கோடி வீதம் சோதிக்கும் கணினி பார்த்து முடிக்க ஏறத்தாழ 77 ஆண்டுகள் ஆகும். ஹரால்டு குன் 1955இல் வெளியிட்ட இந்த முறையோ சில பக்கங்களில் விடையைக் கொண்டுவந்துவிடும். அதைக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் தொடங்கி வைத்த இந்தத் துறையை, எண்ணூர் நெடுஞ்சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கி வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவர் வெறும் சூத்திரமாகப் படிக்க முடியாது. ஒரு கேட்டில் மணிக்கு 20 வண்டிகளுக்குக் காகிதம் பார்த்து அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். வருகையும் சேவை நேரமும் தற்செயலாக அமையும் எளிய கணித மாதிரியில், மணிக்கு 16 வண்டிகள் வந்தால் ஒரு வண்டி கேட்டைக் கடக்கச் சராசரியாக 15 நிமிடம் ஆகும். 18 வந்தால் அது 30 நிமிடம்; 19 வந்தால் ஒரு மணி நேரம். அதாவது 18க்கு மேல் ஒரே ஒரு வண்டி கூடியதும் காத்திருப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. கேட்டில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று ஓட்டுநர்களும், ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் வந்து குவிகிறார்கள் என்று கேட்காரர்களும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இருவர் மீதும் தவறில்லாமலேயே அந்த வரிசை உண்டாக முடியும் என்பதை இந்தக் கணக்குதான் எனக்குக் காட்டியது.

அதே கணக்கைச் சற்று நீட்டிப் பாருங்கள். இரண்டு கேட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 18 வண்டிகள், தனித்தனி வரிசை என்றால் சராசரி 30 நிமிடம். இரண்டு கேட்டுகளுக்கும் சேர்த்து ஒரே வரிசை வைத்து, எது காலியாகிறதோ அங்கே முதல் வண்டியை அனுப்பினால் ஏறத்தாழ 16 நிமிடம் போதும். கூடுதலாக ஓர் ஆளோ ஒரு கணினியோ தேவையில்லை. எங்கள் நிலையத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஒரே வரிசைக்கான இடத்தைக் கோடு போட்டுப் பிரிப்பதுதான் கடினமாக இருந்தது. கணக்கு எளிதாகவே இருந்தது.

அடுத்ததாக நிழல் விலையைச் சொல்வேன். ஒரு வளம் இன்னும் ஓர் அலகு கிடைத்தால் மொத்தப் பயன் எவ்வளவு கூடும் என்பதை அது சொல்லும். மிச்சம் கிடக்கும் வளத்துக்கு நிழல் விலை பூஜ்யம். யார்டு போதவில்லை, பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுக்கலாம் என்று எங்கள் இடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. மாதிரியைப் போட்டுப் பார்த்ததில் நிலத்தின் நிழல் விலை பூஜ்யமாக வந்தது. நெருக்கடி முழுவதும் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியின் நேரத்தில் இருந்தது. சார்ன்ஸ், கூப்பர், மெலன் ஆகியோர் 1952இலேயே விமான எரிபொருள் கலப்பதற்கு நேரியல் திட்டமிடலைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடரைத் தினமும் பார்க்கும் எங்கள் வகுப்பில் அந்த வரலாற்றை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மாணவர் வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதி கிடைக்காத நாங்கள் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் போய் வந்தோம். மாலையில் பலரும் டியூஷன் எடுத்துக் கட்டணம் கட்டினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் மார்க்கோவ் சங்கிலி என்ற நிகழ்தகவுப் பாடத்தைத் திறக்கும்போது உடம்பு கெஞ்சும். ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்காது. கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற இடம் அன்று எங்களுக்கு இல்லை; இன்றைய மாணவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. வகுப்பில் புரியாததற்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசன் என்பிடெல் என்ற இலவச இணையவழிப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களே எங்களைக் கரை சேர்த்தன. அவர் ஒரு கணக்கை அமைக்கும் நிதானத்தைப் பார்ப்பதற்காகவே அவற்றைத் திரும்பவும் பார்க்கலாம்.

படிப்பில் இருந்த பெரிய குறை கணினிப் பயிற்சி. பைத்தானையும், அதில் பியூல்ப் போன்ற இலவசக் கருவிகளில் மாதிரி எழுதுவதையும் நாங்களாகவே கற்றுக்கொண்டோம். குரோபி போன்ற விலையுயர்ந்த மென்பொருளும் மாணவர்களுக்கு இலவச உரிமத்தில் கிடைக்கிறது என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. விடை முழு எண்ணாகவே வர வேண்டிய முழு எண் திட்டமிடலைக் கணினி இல்லாமல் படிப்பது வீண் உழைப்பு. நடைமுறைக் கணக்குகள் பெரும்பாலும் அந்த வகையில்தான் வருகின்றன.

ஊரை விட்டுச் செல்ல முடிந்தவர்களுக்கு, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது, மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொழிற்பொறியியலோடு சேர்ந்த துறை உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தரம், நம்பகத்தன்மை, செயல்முறை ஆராய்ச்சி மூன்றும் சேர்ந்த எம்.டெக். நடக்கிறது. உள்ளூரிலேயே சேர்பவர்கள் பாடத்திட்டத் தாளை மட்டும் நம்பாமல் துறைக்கு நேரில் போய், முந்தைய மாணவர்களின் திட்ட அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவற்றில் உள்ள எண்கள் ஒரு பணிமனையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ மீன்பிடித் துறைமுகத்திலிருந்தோ சேகரிக்கப்பட்டவையா, பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவையா என்று கவனியுங்கள். எல்லாமே புத்தக எண்களாக இருந்தால் வேறு துறையைத் தேடுவது நல்லது.