மோர்ட்டல் காம்பட் 11 பசங்களுக்கு ஆகுமா? அந்த ரெண்டு பட்டனைப் பத்தி ஒரு புலம்பல்

ஃப்ரெண்டு ஒருத்தன் மெசேஜ் போட்டிருந்தான், "மச்சான், மோர்ட்டல் காம்பட் 11 செம டிஸ்கவுண்ட்ல கெடக்கு, பையனுக்கு பத்து வயசு முடிஞ்சிருச்சு, லீவுக்கு வாங்கித் தரலாமா, நீதான் வருஷக்கணக்கா அதையே கட்டிட்டு அழறியே"ன்னு. வேணாம்டான்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்கலாம். ஆனா ஏன்னு கேப்பான். கேட்டா எல்லாரும் சொல்ற பதில், "அதுல ஃபேட்டாலிட்டி இருக்கு, தலைய பிச்சு எறிவாங்க". அது உண்மைதான், இல்லன்னு சொல்லல, ஆனா இந்த கேமை இவ்ளோ நாள் வீட்டுல வெச்சு, அக்கா பையன் வந்தா அவன்கூட ஆடி, பக்கத்து ரூம்ல சின்னவ இருக்கறப்போ வால்யூம் குறைச்சு ஆடினதுல எனக்கு ஃபேட்டாலிட்டி மேல பெருசா கோவம் வரல. என் கோவமெல்லாம் சண்டைக்கு நடுவுலயே வர்ற ஃபேட்டல் ப்ளோங்கற அடி மேலதான்.

2019ல வந்த ஃபைட்டிங் கேம், ஸ்கார்பியன், சப்-ஸீரோ, ரெய்டன்னு எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்க, அதனால கதை, கிராஃபிக்ஸ் எல்லாம் இங்க விளக்கப் போறதில்ல.

மொதல்ல ஃபேட்டாலிட்டிக்கு நியாயம் பேசிடறேன். அது மேட்ச் முடிஞ்சப்புறம் வர்ற கொலைக் காட்சி. ஜெயிச்சவன் சரியான தூரத்துல நின்னு, சரியான வரிசைல பட்டன அழுத்தணும், அதுக்கும் சில செகண்ட்தான் டைம், தப்பா அழுத்தினா எதிராளி சும்மா சுருண்டு விழுந்திருவான், அவ்ளோதான். பக்கத்துல உக்காந்து ஆடறவங்க "ஃபேட்டாலிட்டி போடக்கூடாது"ன்னு ரூல் வெச்சுக்கலாம், அது நடக்கும். கூடவே 2020 மே மாசம் வந்த ஃப்ரீ அப்டேட்ல ஃப்ரெண்ட்ஷிப்ங்கற முடிவ திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க, கொல்றதுக்கு பதிலா ஜேக்ஸ்ங்கற கேரக்டர் சாக்ஸஃபோன் எடுத்து உருகி உருகி வாசிப்பான், அக்கா பையன் அதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பான். மூணாவது ரவுண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போனா மெர்சி கூட குடுக்கலாம், தோத்தவனுக்கு கொஞ்சம் உயிர் குடுத்து எழுப்பி விட்டு மறுபடி ஆடறது. ஜானி கேஜோட ஒரு ஃபேட்டாலிட்டில ஷூட்டிங் மாதிரி டேக் மேல டேக் போவான், ரத்தம்தான், ஆனா அது ஒரு கூத்து. இப்படி ஓவரா போறதால ஒரு கட்டத்துக்கு மேல அது கார்ட்டூன் ஆயிடுது, பத்து வயசுப் பையனுக்கு இல்ல, அது வேற விஷயம்.

இப்ப ஃபேட்டல் ப்ளோ. உங்க உயிர் முப்பது பர்சென்ட்டுக்கு கீழ போனதும் அது ரெடியாகும். கன்ட்ரோலர் ட்ரிகர் பட்டன் எல்2, ஆர்2 ரெண்டையும் சேர்த்து ஒரு அழுத்து. அடிகள கோத்து அடிக்கற காம்போ கத்துக்க வேணாம், டைமிங் வேணாம். பட்டா ஸ்க்ரீன் அப்படியே சினிமாவா மாறும், கேமரா உடம்புகிட்டயே போகும், கத்தியோ ஐஸோ கையில என்ன இருக்கோ அது மண்டைக்குள்ள எறங்கும், எலும்பு வெடிக்கறத ஸ்லோ மோஷன்ல க்ளோசப்ல காட்டுவான். ஸ்கிப் கிடையாது. எதிராளி உயிர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும். அப்புறம் என்ன ஆகும்? கண்ணு வழியா கத்தி எறங்கினவன் எந்திரிச்சு தோள குலுக்கிட்டு நின்னு மறுபடி குத்த வருவான்.

எனக்கு எரியறது இதுலதான். ஃபேட்டாலிட்டில அவன் செத்துட்டான், கதை முடிஞ்சுது, எவ்ளோ கேவலமா இருந்தாலும் ஒரு கணக்கு இருக்கு. இங்க மண்டை ஓடு பிளக்கறத அத்தனை துல்லியமா, நார் நாரா காட்டிட்டு, அடுத்த செகண்ட் "ஒண்ணும் ஆகல, ஆடு"ங்கறான். பெரியவங்க இது கேம்தானேன்னு தள்ளிடுவோம். என் பொண்ணு ஒரு தடவை தண்ணி குடிக்க வந்தவ சரியா அந்த சீன்ல நின்னுட்டா. அவ கத்தல, அழல. நான் டிவிய ஆஃப் பண்றதுக்குள்ள அந்த ஆளு எந்திரிச்சுட்டான், "ஓ, எந்திரிச்சுட்டாரு"ன்னு சொல்லிட்டு டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டா. கத்தியிருந்தா எனக்கு இவ்ளோ உறுத்தியிருக்காது.

மேட்சுக்கு ஒரு ஆள் ஒரு தடவைதான் போடலாம், ஆனா படலன்னா கொஞ்ச நேரத்துல மறுபடி ரெடியாயிடும், அதனால பொதுவா ரெண்டு பேரும் போட்டுத்தான் முடிப்பாங்க. கம்ப்யூட்டர்கூட ஆடினா அதுவும் போடும், அதுகிட்ட "வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க"ன்னு ரூல் பேச முடியுமா. அதாவது யாரும் போடாம விட்டா வராத ஃபேட்டாலிட்டிய வெச்சு ஊரே சண்டை போடுது, கிட்டத்தட்ட எல்லா மேட்ச்லயும் வர்ற இதை யாரும் கண்டுக்கல. இதுபோக க்ரஷிங் ப்ளோன்னு ஒண்ணு, அது குறிப்பிட்ட அடி குறிப்பிட்ட நேரத்துல பட்டா வரும், தாடை எலும்பு நொறுங்கறத ஒரு விநாடி காட்டிட்டுப் போயிடும். அதுக்காவது கொஞ்சம் திறமை வேணும், சீக்கிரமும் முடிஞ்சிரும், மன்னிச்சுட்டேன்.

ஆட்டமாப் பாத்தாலும் அந்த ரெண்டு பட்டன் பசங்கள கெடுக்குது, இது ரத்தத்த விட எனக்குப் பெரிய குறை. அக்கா பையன் விவரமானவன், மொதல்ல வந்தப்போ ப்ளாக் பண்ணக் கத்துக்கிட்டான், லோ அடி எது, குனிஞ்சிருக்கறவன் தலைல எறங்கற ஓவர்ஹெட் எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சான். அப்புறம் ஃபேட்டல் ப்ளோ கண்டுபிடிச்சான். அதோட முடிஞ்சுது. இப்பல்லாம் வேணும்னே அடி வாங்கிட்டு நிப்பான், உயிர் முப்பதுக்கு கீழ எறங்கறதுக்குக் காத்திருப்பான், எறங்கினதும் ரெண்டு விரலும் ட்ரிகர்ல. கேமோட மிகக் கொடூரமான காட்சிய மிக சுலபமான பட்டன்ல வெச்சா எந்தப் பையன் கஷ்டப்பட்டு காம்போ கத்துப்பான் சொல்லுங்க.

சத்தத்தைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். படம் தெரியாம டிவிய திருப்பி வெச்சுக்கலாம், சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். எலும்பு ஒடியற சத்தம், ஈரமா ஏதோ கிழியற சத்தம், தொண்டைல ரத்தம் கொப்புளிக்கற மாதிரி ஒரு சத்தம். சினிமா, கேம் எல்லாத்துலயும் இந்த மாதிரி எலும்பு சத்தத்துக்கு பொதுவா காய்கறி தண்டைத்தான் மைக் முன்னாடி ஒடிப்பாங்க, அது தெரிஞ்சும் எனக்கு முதுகு கூசும். வால்யூம குறைச்சாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பேஸ் உறுமல் மட்டும் தனியா வரும், அது இன்னும் மோசம். வீட்டுல வேற குழந்தைங்க இருந்தா இந்த கேம்ல ஆடறவனோட வயசு மட்டும் பார்த்தா போதாதுன்னு எனக்குப் புரிஞ்சது இந்த சத்தத்தாலதான்.

இதெல்லாம் ஏன் இவ்ளோ தத்ரூபமா இருக்குன்னா, ரெஃபரன்ஸ் பார்த்துப் பண்ணதால. கேம் வந்த அதே 2019ல இதுல வேலை பார்த்த ஒருத்தர் பேர் சொல்லாம பேட்டி குடுத்திருந்தார், நிஜ வன்முறைப் படங்களையும் மாடு அறுக்கற வீடியோவையும் பார்த்துப் பார்த்து ராத்திரி அதே கனவா வந்து தூக்கத்துக்கே பயந்ததாவும், கடைசில தெரபிஸ்ட் பி.டி.எஸ்.டி.ங்கற மன அதிர்ச்சிப் பாதிப்புன்னு சொன்னதாவும். சம்பளம் வாங்கிட்டு அதைச் செஞ்ச பெரிய மனுஷனுக்கே அந்த கதி. அதுக்காக பார்க்கறவனுக்கும் அதே ஆகும்னு நான் சொல்லல, செய்யறதும் ஆடறதும் ஒண்ணில்ல. ஆனா "அட சும்மா பொம்மைதானே"ன்னு யாராவது ஆரம்பிச்சா இந்த செய்திய ஞாபகப்படுத்துவேன்.

கேம் ஆடினா பசங்க ரவுடியாயிடுவாங்களான்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன பதில். அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல சொன்னது இதுதான், கத்தறது தள்ளறது மாதிரி ஆக்ரோஷத்தோட ஒரு சின்ன தொடர்பு இருக்கு, ஆனா பெரிய வன்முறைக்கு கேம்தான் காரணம்னு சொல்ல ஆதாரம் பத்தாது. என் கவலையும் அது இல்ல. பையன் கத்தி எடுப்பான்னு நான் பயப்படல, அந்த உருவமும் சத்தமும் ஒரு பத்து வயசு மண்டைக்குள்ள எதுக்குத் தேவையில்லாம உக்காரணும்னுதான் கேக்கறேன்.

சண்டை ஒண்ணும் புதுசு இல்ல. இந்த சீரிஸோட மொத கேம் 1993ல வீட்டு கன்சோலுக்கு வந்தப்போ நின்டெண்டோ மெஷின்ல ரத்தத்த எடுத்துட்டு சாம்பல் கலர்ல வேர்வை மாதிரி தெறிக்க விட்டாங்க, சேகால ஏ பி ஏ சி ஏ பி பின்னு ஒரு கோட் போட்டா ரத்தம் வரும், எது அதிகம் வித்துதுன்னு சொல்லவே வேணாம், கோட் போட்டதுதான். அந்த வருஷக் கடைசில அமெரிக்க செனட்ல விசாரணையே நடந்துச்சு, அடுத்த வருஷம் 1994ல எந்த கேம் எந்த வயசுக்குன்னு சொல்ற ஈ.எஸ்.ஆர்.பி. ரேட்டிங் போர்டு வந்துச்சு. இன்னிக்கு அட்டைல இருக்கற அந்தக் கட்டத்துக்கு இந்த கேமோட தாத்தாவும் ஒரு காரணம். அந்தக் கட்டம் எம்னு சொல்லுது, பதினேழும் அதுக்கு மேலயும். ஐரோப்பாவோட ரேட்டிங்ல பெகி 18. சில கேம்ல ரேட்டிங்க பார்த்தா கொஞ்சம் ஓவரா பயந்துட்டாங்களோன்னு தோணும், இதுல அப்படித் தோணவே இல்ல. ஆன்லைன்ல முன்ன பின்ன தெரியாதவன் மைக்ல பேசற பேச்சு அந்த ரேட்டிங்குக்குள்ள வராதுன்னு அவங்களே எழுதியும் வெச்சிருக்காங்க. எனக்கு வந்த சில பேச்சு ஃபேட்டல் ப்ளோவ விட மோசம். அதை கன்சோல் செட்டிங்ஸ்ல மூடிடலாம்ங்கறது ஒரு ஆறுதல்.

இவ்ளோ திட்டிட்டு இதைச் சொல்லலன்னா பாவம். பசங்களுக்கு ஃபைட்டிங் கேம் கத்துக் குடுக்கறதுல இதோட டுட்டோரியல் மாதிரி நான் பார்த்ததில்ல. விநாடிக்கு அறுபது ஃப்ரேம், அதாவது அறுபது படம், உன் அடி கிளம்ப எத்தனை ஃப்ரேம் ஆகும், எதிராளி ப்ளாக் பண்ணிட்டா யாருக்கு எத்தனை ஃப்ரேம் முந்துது, இதையெல்லாம் பொறுமையா செஞ்சு காட்டி செய்ய வெச்சு அடுத்ததுக்குக் கூட்டிட்டுப் போகும். ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியா வேற. அக்கா பையனுக்கு அதுல மைனஸ் நம்பர் புரிஞ்சுது. ப்ளாக் ஆனா மைனஸ் பதினாலு, அதாவது பதினாலு ஃப்ரேம் பின்தங்கிட்டன்னா நீ மாட்டினன்னு அவனே சொன்னான், கணக்கு வாத்தியார் கேட்டா சந்தோஷப்படுவார். தோத்தா கன்ட்ரோலர தூக்கி எறியாம, ஏன் தோத்தோம்னு ப்ராக்டிஸ் மோடுக்குப் போய் அந்த அடியவே கம்ப்யூட்டர போட வெச்சுப் பார்க்கற பழக்கம் அவனுக்கு இங்கதான் வந்துச்சு. (அந்தப் பழக்கத்தையும் அந்த ரெண்டு பட்டன் பாதி தின்னுடுச்சு, சரி, மறுபடி ஆரம்பிக்கல.)

வேற என்ன வாங்கலாம்னா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. ஈ.எஸ்.ஆர்.பி. டி, அதாவது பதிமூணு, பெகி 12. அடி விழுந்தா பெயின்ட் தெறிக்கற மாதிரி கலர் கலரா வரும், மாடர்ன் கன்ட்ரோல்ல ஒரு பட்டன்ல ஸ்பெஷல் வரும், சின்னக் கைக்கு சுலபம். டிரெஸ் விஷயத்துல சில கேரக்டருக்கு அம்மாக்கள் முகம் சுளிப்பாங்க, முன்னாடியே சொல்லிடறேன். டெக்கன் 8 கொஞ்சம் பெரிய பசங்களுக்கு, டிதான், ஆனா பெகில 16. அதுல ரேஜ் ஆர்ட்னு இதே ஐடியாதான், உயிர் குறைஞ்சா ஒரு பெரிய சினிமா அடி, ஆனா எலும்ப எண்ணிக் காட்ட மாட்டான், அதனால சாகப் போற நேரத்துல ஒரு வாய்ப்புங்கற ஐடியாவ நான் குறை சொல்லல, கேமரா எங்க போகுதுங்கறதுதான். பத்து வயசுன்னா கண்ண மூடிட்டு ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட், குடும்பத்தோட கத்திட்டு ஆடலாம். எதை வாங்கினாலும் ஈ.எஸ்.ஆர்.பி. சைட்ல அந்த கேமுக்கு என்னென்ன காட்சி வருதுன்னு ஒரு பத்தி எழுதியிருப்பாங்க, ரெண்டு நிமிஷம் படிச்சிருங்க, அட்டைல இருக்கற ஒரு எழுத்த விட அது ஆயிரம் மடங்கு உபயோகம்.

அப்ப என் தீர்ப்பு? பத்து வயசுக்கு இல்லவே இல்ல. பதினஞ்சு, பதினாறுன்னா பக்கத்துல ஒருத்தர் உக்காந்து ஆடற வீடா இருந்தா எனக்கு ஓகே, ரேட்டிங் ஒத்துக்காது, தெரியும். அக்கா பையன் வயசு அதுக்கும் கீழதான், அவன் ஆடறது அக்காவும் நானும் பேசி முடிவு பண்ணது, அதை மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ண மாட்டேன். கேமா மட்டும் பார்த்தா இந்த சீரிஸ்ல இதுதான் பெஸ்ட், புதுசு வந்தப்புறமும் நான் இதையேதான் போடறேன்.

அதனால மச்சான், டிஸ்கவுண்ட விடாத, வாங்கு, உனக்கு வாங்கு. பேரன்டல் கன்ட்ரோல்ல வயசு லிமிட் போட்டு பாஸ்வேர்டு வெச்சுட்டு, பையன் தூங்கினப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிட்டு ஆடு, ஆன்லைன்ல என்கூட வா. ஃபேட்டல் ப்ளோ போடக்கூடாதுன்னு கண்டிஷன் எல்லாம் கிடையாது. முப்பது பர்சென்ட்டுக்கு கீழ போனா நான் கண்டிப்பா போடுவேன்.