தனிப் பெடல்களா, எல்லாம் அடங்கிய பெட்டியா?

மின்சாரக் கிட்டார் வாங்கிய கையோடு கொழும்பில் பலரும் கேட்கும் கேள்வி: ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் எஃபெக்ட்ஸ் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா, அந்த எஃபெக்ட்ஸ் எல்லாம் அடங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றை வாங்குவதா? என் சார்பு பெடல் பக்கம். ஆனாலும் கலியாண மண்டபங்களில் வாசிப்பவரிடம் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வேன்.

காரணம் எளிது. பைலா ஆட்டப் பாட்டுக்குத் தெளிந்த ஒலி, அடுத்த மெல்லிசைக்கு ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸ் எஃபெக்ட், அதற்கடுத்து ராக். பெட்டியில் ஒரே மிதியில் எல்லாம் மாறிவிடும். பெடல்களில் மூன்று சுவிட்சுகளைத் தேடி மிதிப்பதற்குள் பாடகர் பல்லவியைத் தொடங்கிவிடுவார். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸிலும் ஏறலாம். அடுக்குமாடி வீட்டில் இரவில் ஹெட்போனுடன் பழகவும் வசதி.

தொனியைச் செதுக்குவது வேறு கதை. 1978இல் வந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 பெடலில் இன்றும் மூன்றே குமிழ்கள்: டோன், லெவல் (ஒலியளவு), டிஸ்டோர்ஷன் (கரகரப்பு). குனிந்து திருப்பினால் வேலை முடிந்தது. பெட்டியில் அதையே மெனுவுக்குள் தேட வேண்டும். ஒலிக்குக் கரகரப்பு ஏற்றும் நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்றில் டிரைவை (கரகரப்பின் அளவை) குறைத்து, லெவலை ஏற்றி, கிட்டாரின் வால்யூமை ஆறுக்கு இறக்கிப் பாருங்கள்: கரகரப்பு வடிந்து ஒலி தெளியும். பத்துக்கு ஏற்றினால் மறுபடி சீறும். காலை அசைக்காமலே இரண்டு ஒலிகள். விலை குறைந்த பெட்டிகள் பல இந்த விரல் நுணுக்கத்துக்கு அவ்வளவாக இசைவதில்லை.

இரண்டு தரப்பும் விழும் குழி ஒன்றுண்டு. அறையில் தனியாக வாசிக்கும்போது பாஸையும் (அடித்தொனி) டிரெபிளையும் (உச்சத்தொனி) ஏற்றி மிட்டை (நடுத்தொனி) இறக்கினால் ஒலி பிரமாதம். மண்டபத்தில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போய்விடும். ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் நிலைத்து நிற்பதற்கு, அது மிட்டைத் தூக்கிக் கொடுப்பதும் ஒரு காரணம். வரிசையும் முக்கியம்: ஓவர்டிரைவ் முன்னால், எதிரொலி தரும் டிலே பின்னால். மாற்றினால் எதிரொலிகளெல்லாம் சிதைந்து ஒன்றோடொன்று குழம்பும்.

மின்சாரத்தில் பெட்டிக்கே வெற்றி. ஓர் அடாப்டர் போதும். பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், ஆனால் டிஜிட்டல் டிலே ஓவர்டிரைவைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் கோத்தால் சில வேளை கீச்சென்ற இரைச்சல் கூடவே வரும். பற்றரியில் ஓடும் பெடலின் இன்புட்டில் வயரைச் செருகியே வைத்தால், வாசிக்காவிட்டாலும் பற்றரி தீர்ந்துவிடும்.

பழுது என்று வந்தால் பெடலே மேல். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குக் குமிழ்கள் கரகரப்பதும் ஜாக் துருப்பிடிப்பதும் வழமை. பெடலைத் திறக்கச் சில திருகாணிகள்தான். மற்றப் பெடல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். பெட்டி படுத்தால் எல்லாமே படுத்துவிடும். பழையது வாங்குவதானால், எதுவானாலும் ஒவ்வொரு குமிழையும் ஒலியுடன் திருப்பிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.